சிராக்கூசாவின் ஆக்கிமிடீசும் சடத்துவத் திருப்பமும்



சென்ற மாரி காலத்தில் ஒரு சனிக்கிழமை, இலக்கண வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு செல்ல ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில், இங்குள்ள லிச்சேயோவில் பயிலும் மாணவி ஒருத்தி தன் பௌதிகப் புத்தகத்துடன் என் மேசையருகே வந்து நின்றாள். மொமெந்தோ தினேர்சியா என்னும் தலைப்பைச் சுட்டிக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன பெயர் என வினவினாள். சடத்துவத் திருப்பம் என்றேன். தாயகத்திலே பௌதிகவியல் கற்பித்த காலத்தில் கரும்பலகையில் எத்தனையோ முறை நான் எழுதிய சொல் அது. கடல் கடந்து வந்தபின் அச்சொல்லை உச்சரிக்கும் தேவை எனக்கு ஏற்பட்டதேயில்லை. அவளை அழைத்துச் செல்ல வந்திருந்த தாயார், இதனை யார் கண்டுபிடித்தார், இதனால் யாருக்கு என்ன பயன் என்று சற்றுச் சலிப்புடன் கேட்டார். நேரமின்மையால் அன்று நான் கூறிய விடை அரைகுறையாய் அமைந்தது. அதனை முழுமை செய்யவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அச்சொல்லின் ஒரு பாதி பிறந்த இடம், நாம் அடைக்கலம் புகுந்து வாழும் இந்தச் சிசிலித் தீவே ஆகும். அதனைப் பெற்றவர் ஆக்கிமிடீசு. உங்கள் இத்தாலியப் பள்ளியில் அவரை ஆர்க்கிமேதே என அழைப்பார்கள்.

ஆக்கிமிடீசு ஏறத்தாழ கி.மு. 287 ஆம் ஆண்டில் சிராக்கூசா நகரில் பிறந்தார். பலெர்மோ தீவின் வடமேற்கில் இருக்க, சிராக்கூசா தென்கிழக்குக் கரையில் உள்ளது. அக்காலத்தில் அது கிரேக்க மொழி பேசிய செல்வ நகரம். நம் பலெர்மோவோ அந்நாளில் காத்தேச்சு நாட்டவரின் கையில் இருந்தது. கி.மு. 254 இல் உரோமர் அதனைக் கைப்பற்றினர். அப்பொழுது ஆக்கிமிடீசு முப்பது வயதைக் கடந்த இளைஞர். இரு பெரும் வல்லரசுகள் ஒரு சிறு தீவை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்த காலம் அவர் வாழ்ந்த காலம். எனினும், சிராக்கூசாவின் அரசன் இரண்டாம் ஐயரோன் உரோமரோடு நட்புறவு பேணி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தன் நகரைப் போரின் நேரடித் தாக்கத்திலிருந்து காத்து வந்தான். ஓர் அறிஞர் அமர்ந்து சிந்திப்பதற்கு வேண்டிய நீண்ட அமைதி இவ்வாறு வாய்த்தது.

அவருடைய தந்தையார் பெயர் பீடியாசு, வானியல் அறிஞர். கணிதத்தில் உயர் கல்வி பெற மகன் எகிப்தின் அலெக்சாந்திரியா சென்றிருக்கலாம் எனக் கருதுவர். அங்கிருந்த கோனன், தொசித்தேயசு, எரத்தோசுதெனீசு ஆகியோருடன் அவர் கடிதத் தொடர்பு வைத்திருந்தமை உறுதி. அவருடைய நூல்களுட் பல, இந்நண்பர்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களாகவே தொடங்குகின்றன. கோனன் காலமானபின், தம் கணக்குகளைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரை இழந்தமைக்காக அவர் வருந்தி எழுதியுள்ளார். பல்கலைக்கழகமும் பேரறிஞர் கூட்டமும் இல்லாத ஊரிலே தனித்திருந்து, கடல் கடந்து கடிதம் எழுதி அறிவை வளர்த்தவர் அவர்.

ஆக்கிமிடீசு என்றவுடன், குளிக்கும் தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடிய கதையே யாவர்க்கும் நினைவில் வரும். பொற்கிரீடத்தில் வெள்ளி கலந்ததைக் கண்டறிந்த அக்கதையை நமக்குக் கூறுபவர், அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிற்பட்ட உரோமக் கட்டடக் கலைஞரான விற்றுருவியசு. ஆக்கிமிடீசின் நூல்கள் எதிலும் அக்கதை இல்லை. மிதக்கும் பொருள்கள் பற்றி அவர் எழுதிய நூல் அக்கதையினும் எத்தனையோ மடங்கு ஆழமானது. பிள்ளைகளுக்குக் கதை வேண்டும். ஆயினும் கதையோடு நின்றுவிடுவது, வாசற்படியில் நின்றுவிட்டு வீட்டைப் பார்த்துவிட்டதாகக் கூறுவதற்கு ஒப்பாகும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்னும் வினாவுக்கு, 96 பக்கங்கள் கொண்ட பல்கோணிகளால் வட்டத்தை உள்ளும் புறமும் நெருக்கி, விடை 3 10/71 க்கும் 3 1/7 க்கும் இடைப்பட்டது என நிறுவியவரும் அவரே. நாம் பள்ளியில் பயன்படுத்தும் 22/7 அவ்வழி வந்ததாகும். உலகம் முழுவதையும் நிரப்பத் தேவையான மணல்மணிகளை எண்ணிக் காட்டவென்று பேரெண்களுக்குப் புதிய பெயரிடும் முறையொன்றையும் அவர் வகுத்தார்.

இவை ஒருபுறம் இருக்க, நம் விடயத்துக்கு வருவோம். ஆக்கிமிடீசின் சிந்தனை முழுவதிலும் ஊடாடிச் செல்லும் கருத்து ஒன்று உண்டு. ஒரு பொருளின் நிறை எவ்வளவு என்பது மட்டும் போதாது. அந்நிறை எங்கே இருக்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும் என்பதே அது.

பெற்றோர்களுட் சிலர் துலாக் கிணற்றைக் கண்டிருப்பீர்கள். 1990 களில் எரிபொருட் தடையால் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்த காலத்தில், எங்கள் வளவில் பேரனார் காலத்துத் துலா மீண்டும் ஆடத் தொடங்கியது. ஆடுகாலின் மேல் நீண்ட மரம் பொருந்தியிருக்கும். ஒரு முனையில் கொடியும் பட்டையும் தொங்கும். துலா மிதிப்பவர் மரத்தின்மீது முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றை நோக்கி நடந்தால் பட்டை தாழும். எதிர்ப்புறம் நடந்தால் நீர் நிறைந்த பட்டை மேலெழும். நடப்பவரின் நிறை ஓர் இறாத்தல்கூடக் கூடுவதில்லை, குறைவதுமில்லை. ஆடுகாலிலிருந்து அவர் நிற்கும் தூரமே மாறுகின்றது. அத்தூரமே நீரை இறைக்கின்றது. எங்கள் முன்னோர் இதனைக் காலால் அறிந்திருந்தனர். ஆக்கிமிடீசு இதனை நிறுவிக் காட்டினார்.

தளங்களின் சமநிலை பற்றிய தமது நூலில், சம தூரத்தில் உள்ள சம நிறைகள் சமநிலையில் நிற்கும் என்பது போன்ற, யாரும் மறுக்க இயலாத சில எளிய கூற்றுக்களை முதலில் அவர் வைக்கின்றார். அவற்றிலிருந்து படிப்படியாக, இரு நிறைகள் சமநிலையில் நிற்பதற்கு அவற்றின் தூரங்கள் நிறைகளுக்கு நேர்மாறான விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்னும் விதியைப் பெறுகின்றார். 20 கிலோகிராம் நிறை 1 மீற்றர் தூரத்தில் இருந்தால், மறுபுறம் 5 கிலோகிராம் 4 மீற்றர் தூரத்தில் இருந்து அதனைச் சமன் செய்யும். 20 ஐ 1 ஆலும், 5 ஐ 4 ஆலும் பெருக்கினால் இரண்டும் 20. இப்பெருக்கத்தையே இன்று நாம் திருப்பம் என்கின்றோம். தொடர்ந்து, ஒவ்வோர் உருவத்துக்கும் அதன் நிறை முழுவதும் ஒன்றுசேர்ந்து நிற்பதாகக் கொள்ளத்தக்க ஒரு புள்ளி உண்டு என்பதையும், முக்கோணத்தில் அப்புள்ளி அதன் மூன்று இடையங்களும் சந்திக்கும் இடம் என்பதையும் காட்டினார். இதுவே ஈர்வை மையம். தடித்த மட்டையில் முக்கோணம் ஒன்றை வெட்டி, அப்புள்ளியின் கீழ் பென்சில் முனையை வைத்துப் பாருங்கள். மட்டை சரியாமல் நிற்கும்.

இத்துடன் அவர் நின்றிருந்தால் தராசுக் கடைக்காரருக்கு மட்டுமே ஆசானாக இருந்திருப்பார். ஆனால் அவர் தராசை மனத்துக்குள் எடுத்துச் சென்றார். கோளம் ஒன்றின் கனவளவைக் காண்பதற்கு அவர் கையாண்ட வழியைச் சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள். 1 அலகு ஆரையுள்ள கோளம் ஒன்று. அதன் விட்டம் 2. 2 அலகு உயரமும், 2 அலகு ஆரையுள்ள அடியும் கொண்ட கூம்பு ஒன்று. அதே உயரமும் அதே அடியும் கொண்ட உருளை ஒன்று. இம்மூன்றையும் ஒரே கோலில் கோத்து, கோளத்தின் ஒரு முனையும் கூம்பின் உச்சியும் உருளையின் ஒரு முகமும் தராசின் தாங்குபுள்ளியில் பொருந்துமாறு வையுங்கள். இப்பொழுது மூன்றையும் ஒரே இடத்தில் குறுக்காக மெல்லிய சீவல்களாக வெட்டுக. கோளத்தின் சீவலையும் கூம்பின் சீவலையும் எடுத்து, தராசின் மறுபுறத்தில் 2 அலகு தூரத்தில் தொங்கவிட்டால், உருளையின் சீவல் தான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அவ்விரண்டையும் சமன் செய்கின்றது. எந்த இடத்தில் வெட்டினாலும் இது மாறுவதில்லை. ஆகவே, எல்லாச் சீவல்களையும் ஒன்றுசேர்க்கும்போது, 2 அலகு தூரத்தில் தொங்கும் கோளமும் கூம்பும், தன் இடத்திலுள்ள முழு உருளையைச் சமன் செய்யும். உருளையின் ஈர்வை மையமோ நடுவில், 1 அலகு தூரத்தில் உள்ளது. எனவே கோளமும் கூம்பும் சேர்ந்து உருளையின் பாதி. கூம்பு உருளையில் மூன்றிலொன்று என்பதை அவருக்கு முன்னிருந்தோர் நிறுவியிருந்தனர். எஞ்சும் கோளம் ஆறிலொன்று. இவ்வுருளையோ, கோளத்தை மட்டுமட்டாக உள்ளடக்கும் சிறிய உருளையைப்போல் நான்கு மடங்கு பெரிது. ஆகவே கோளம், தன்னை அடக்கும் உருளையின் மூன்றில் இரண்டு பங்கு!

பொருளைச் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு சீவலையும் அதன் தூரத்தால் பெருக்கி, யாவற்றையும் கூட்டுதல் என்னும் இம்முறையே, ஈராயிரம் ஆண்டுகளின்பின் தொகையீட்டு நுண்கணிதமாக மலர்ந்தது. இதனை எழுதியவர், இது வழிகாட்டுமேயன்றி நிறுவலாகாது என்று எச்சரித்து, வேறொரு நூலில் கேத்திரகணித முறைப்படி மீண்டும் நிறுவினார். கிடைத்த விடையை நம்பிவிடாமல் அதனை நிறுவியே தீரவேண்டும் என்னும் இந்த நேர்மை, பரீட்சைக்கு முதல்நாள் விடைகளை மனனம் செய்யும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியதாகும்.

இனி, மாணவி கேட்ட வினாவுக்கு வருகின்றேன். தராசு அசையாமல் நிற்பது. ஆக்கிமிடீசின் திருப்பமும் அசையாப் பொருள்களுக்கு உரியது. கதவும் சில்லும் பம்பரமும் சுழலும்போது என்ன நிகழ்கின்றது? வீட்டிலுள்ள தும்புத்தடியை எடுத்து, நீர் நிரம்பிய இரு சிறு போத்தல்களைத் தடியின் நடுவில், கைப்பிடிக்கு அருகே இருபுறமும் கட்டுங்கள். நடுவிற் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள், எளிதாகத் திரும்பும். அதே போத்தல்களை இரு முனைகளுக்கும் நகர்த்திக் கட்டிவிட்டுத் திருப்புங்கள்; கை வலிக்கும். தராசிலிட்டால் இரண்டு முறையும் நிறை ஒன்றே. இவ்வாறு சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் தயக்கத்தின் அளவே சடத்துவத் திருப்பம் எனப்படும்.

இத்தயக்கம் தூரத்தோடு மட்டுமன்றித் தூரத்தின் வர்க்கத்தோடு வளர்கின்றது. தூரம் இருமடங்கானால் தயக்கம் நான்கு மடங்கு. ஏன் வர்க்கம்? பெரும்பாலான புத்தகங்கள் இதனைச் சூத்திரமாகத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். காரணம் இதுதான். இருமடங்கு தூரத்திலுள்ள போத்தல், தடி அதே அளவு திரும்பும்போது இருமடங்கு வழியைக் கடக்க வேண்டும். ஆகவே அதற்கு இருமடங்கு ஆர்முடுகல், எனவே இருமடங்கு விசை தேவை. இது நியூற்றன் 1687 இல் வெளியிட்ட விதி. அவ்விசையோ கையிலிருந்து இருமடங்கு தூரத்தில் தொழிற்பட வேண்டியிருப்பதால், அதன் திருப்பம் மீண்டும் இருமடங்காகின்றது. இது ஆக்கிமிடீசின் நெம்புகோல் விதி. இரண்டை இரண்டால் பெருக்க நான்கு. வர்க்கத்தில் அடங்கிய இரு தூரங்களுள் ஒன்று நியூற்றனுடையது. மற்றையது சிராக்கூசாவின் முதியவருடையது.

இதனைக் கணிக்கும் முறையையும் காண்போம். 2 மீற்றர் நீளமும் 3 கிலோகிராம் திணிவும் கொண்ட சீரான இரும்புக் கோல் ஒன்று அதன் ஒரு முனையைப் பற்றிச் சுழல்கின்றது. கோலைப் பத்துச் சம துண்டுகளாக வெட்டியதாகக் கொள்க. ஒவ்வொரு துண்டும் 0.3 கிலோகிராம். ஒவ்வொரு துண்டின் திணிவையும் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டவேண்டும். துண்டின் அண்மை முனைவரை தூரத்தை அளந்தால் கூட்டுத்தொகை 3.42; தொலை முனைவரை அளந்தால் 4.62. உண்மை விடை இவற்றுக்கு இடையில் உள்ளது. நூறு துண்டுகளாக்கினால் 3.94 க்கும் 4.06 க்கும் இடையில். துண்டுகள் பெருகப் பெருக இரு கரைகளும் 4 ஐ நோக்கி நெருங்கும். விடை 4 கிலோகிராம் சதுர மீற்றர். அதாவது, திணிவை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கிவரும் 12 இன் மூன்றிலொன்று.

இங்கே ஒரு வியப்பு உண்டு. இக்கணிப்புக்குத் தேவையானது 1, 4, 9, 16 என வர்க்க எண்களைக் கூட்டும் வழியாகும். அவ்வழியைச் சுருளிகள் பற்றிய தமது நூலில் ஆக்கிமிடீசு நிறுவியுள்ளார். அதனைக் கொண்டே, சுருளியின் முதற் சுற்று அடைக்கும் பரப்பு அதனைச் சூழும் வட்டத்தின் மூன்றிலொன்று எனக் காட்டினார். கோலிலும் மூன்றிலொன்று, சுருளியிலும் மூன்றிலொன்று. உள்ளும் புறமுமாக நெருக்கிப் பிடிக்கும் முறையும் அவருடையதே. கணக்கு அவர் கையில் இருந்தது. அசைவு பற்றிய விதி மட்டுமே இன்னும் பிறக்கவில்லை.

அதே கோலை நடுப்புள்ளியைப் பற்றிச் சுழற்றினால் சடத்துவத் திருப்பம் 1 மட்டுமே. ஒரே கோல், ஒரே திணிவு. அச்சு இடம் மாறியதும் நான்கில் ஒன்றாகிவிட்டது. ஒன்றுக்கொன்று சமாந்தரமான அச்சுக்கள் யாவற்றுள்ளும் திணிவு மையத்தின் வழியே செல்லும் அச்சுக்கே இவ்வளவு மிகக் குறைவு. அங்கிருந்து அச்சை நகர்த்தினால், திணிவை நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டவேண்டும். இங்கு 3 ஐ 1 ஆல் பெருக்கி 1 உடன் கூட்ட 4. இது சமாந்தர அச்சுத் தேற்றம். பகுதிகள் தம்முள் நிலை மாறாத விறைப்பான பொருள்களின் இயக்கம் பற்றி 1765 இல் பெருநூல் வெளியிட்டு, சடத்துவத் திருப்பம் என்னும் பெயரை நிலைநிறுத்தியவர், சுவிற்சலாந்தின் பாசல் நகரிற் பிறந்த ஒயிலர். அவர் முதுமையில் இரு கண்களின் பார்வையும் இழந்தும் கணக்கை விடாதவர். அவரைப்பற்றித் தனியே ஒரு மலரில் எழுதலாம். தாயார் கேட்ட பயன் என்ன என்பதற்கும் இங்கேயே விடை கூறிவிடுகின்றேன். சுழலும் சில்லும் விசிறியும் மின்மோட்டரும் உள்ள இயந்திரம் எதனையும் இக்கணக்கின்றி ஒழுங்காக வடிவமைத்தல் இயலாது.

இனிச் சிராக்கூசாவுக்கு மீள்வோம். கி.மு. 215 இல் ஐயரோன் மன்னன் இறந்தான். அவன் பேரன் உரோமரைக் கைவிட்டுக் காத்தேச்சு நாட்டவருடன் சேர்ந்தான். அடுத்த ஆண்டே கொலையுண்டான். நகரம் போருக்குள் விழுந்தது. கி.மு. 213 இல் உரோமத் தளபதி மாசெல்லசு தரையாலும் கடலாலும் நகரை முற்றுகையிட்டான். 60 போர்க் கப்பல்கள் மதிலை நோக்கி வந்தன. எழுபது வயதைக் கடந்திருந்த ஆக்கிமிடீசு, தம் நகரைக் காக்கும் பொறிகளை அமைத்தார். பல தூரங்களுக்கு ஏற்றவாறு கல்லெறியும் பொறிகள் மதிலுள் நின்றன. மதிலுக்கு மேலாக நீண்ட மரங்கள் வெளியே திரும்பி, இரும்புக் கொக்கியாற் கப்பலின் முன்பகுதியைப் பற்றித் தூக்கி, பின்னர் திடீரெனக் கைவிட்டன. நீர் அள்ளும் துலா எவ்விதியால் இயங்கியதோ, அவ்விதியாலேயே இக்கப்பல் தூக்கும் துலாவும் இயங்கியது. ஆடிகளால் சூரிய ஒளியைக் குவித்துக் கப்பல்களை எரித்தார் என்னும் கதையை, இம்முற்றுகையை விரிவாக எழுதிய பொலிபியசோ இலிவியோ குறிப்பிடவில்லை. அது பிற்காலத்தார் சேர்த்தது.

பொறி செய்தலை ஆக்கிமிடீசு இழிவாகக் கருதினார் என்றும், அதனாலேயே அவைபற்றி நூல் எழுதவில்லை என்றும் புளூட்டாக்கு எழுதிச் சென்றுள்ளார். இதனை நான் முற்றாக ஏற்பதற்கில்லை. கோளத்தையே தராசில் தொங்கவிட்டு அளந்த ஒருவர் பொறியை இழிவாக எண்ணியிருப்பாரா?

பொறிகளால் நகரம் வீழவில்லை. பசியும் நோயும் காட்டிக்கொடுப்பும் அதனை வீழ்த்தின. திருவிழா நாளொன்றில் காவல் தளர்ந்திருந்த இரவில் உரோமர் மதிலேறினர். இறுதியில் ஓர்த்தீசியா தீவுப் பகுதியும் உள்ளிருந்தோரால் திறந்துவிடப்பட்டது. கி.மு. 212 இல் நகரம் கொள்ளையிடப்பட்டது. முற்றுகை என்றால் என்ன, முற்றுகைக்குட்பட்ட நகரின் கடைசி நாள்கள் எவ்வாறிருக்கும் என்பதை இம்மலரை வாசிக்கும் பெற்றோர் பலர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறிஞரை உயிருடன் பிடிக்கவே மாசெல்லசு விரும்பினான் என்பர். ஆயினும் போர்வீரன் ஒருவன் அவரை வாளால் வெட்டிக் கொன்றான். கேத்திரகணித உருவமொன்றில் ஆழ்ந்து, நகரம் வீழ்ந்ததையே அறியாதிருந்தார் என்பது ஒரு வரலாறு. தம் கருவிகளைப் பெட்டியில் ஏந்திச் சென்றபோது, அதனுள் பொன் இருப்பதாக எண்ணிக் கொன்றனர் என்பது மற்றொன்று. முதலாவது புகழ்பெற்றது. எனக்கோ இரண்டாவதே உண்மைக்கு அண்மையாகத் தோன்றுகின்றது. 2009 இல் நான் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி தூக்கிச் சென்ற பையில், ஒன்பது ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த பாடக் குறிப்புகள் இருந்தன. சோதனையிட்டவர்கள் அதனுள் வேறேதோ இருப்பதாகவே எண்ணினர். பை திரும்பி வரவில்லை.

தம் கல்லறைமேல் கோளமும் அதனைச் சூழ்ந்த உருளையும் பொறிக்கப்பட வேண்டும் என்று ஆக்கிமிடீசு கேட்டிருந்தார். அவ்வாறே செய்யப்பட்டது. அரசரின் நட்பையும் கப்பல் தூக்கிய பொறிகளையும் விடுத்து, மூன்றில் இரண்டு என்னும் விகிதத்தையே தம் வாழ்நாட் செல்வமாக அவர் மதித்தார். கி.மு. 75 இல் சிசெரோ, சிசிலியின் மேற்குக் கரையில் இன்று மார்சாலா எனப்படும் நகரில் அதிகாரியாக இருந்தபோது, சிராக்கூசா சென்று அக்கல்லறையைத் தேடினார். ஊரார் அப்படியொன்று இல்லையென்றனர். முட்புதர்களுக்கு மேலே ஒரு சிறு தூணில் கோளமும் உருளையும் தெரிவதைக் கண்டு, புதரை வெட்டுவித்தார். அவர் இறந்து 137 ஆண்டுகளுக்குள் சொந்த ஊரே அவரை மறந்திருந்தது. அக்கல்லறை பின்னர் மீண்டும் மறைந்தது. இன்று சுற்றுலா செல்வோர்க்கு ஆக்கிமிடீசின் கல்லறை என்று காட்டப்படுவது உரோமர் காலத்து வேறொரு கல்லறையாகும். பள்ளிச் சுற்றுலாவில் செல்லும் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்க.

நூல்களின் வரலாறு கல்லறையின் வரலாற்றினும் நெடியது. கொன்சுதாந்தினோப்பிளில் கிரேக்கப் பிரதிகள் சில எஞ்சின. 1269 இல் மூர்பெக்கே ஊரினரான வில்லியம் என்னும் துறவி பலவற்றை இலத்தீனில் பெயர்த்தார். பின்னர் நம் தீவிலேயே ஒருவர் தோன்றினார். 1494 இல் மெசினாவிற் பிறந்த பிரான்செசுக்கோ மௌரோலிக்கோ, துருக்கியர் படையெடுப்பினால் கொன்சுதாந்தினோப்பிளை விட்டுத் தப்பி வந்த கிரேக்கக் குடும்பத்தின் வழிவந்தவர். நம்மைப்போல் அகதிகளின் பிள்ளை. சிதைந்தும் பிழைபட்டும் கிடந்த ஆக்கிமிடீசின் நூல்களைத் திருத்தி, விடுபட்டவற்றைத் தாமே நிறுவி எழுதினார். சமநிலை பற்றிய நூலுக்கு அவர் இட்ட தலைப்பில், இன்று திருப்பம் என நாம் பெயர்க்கும் இலத்தீன் சொல்லே நிற்கின்றது. 1575 இல் அவர் காலமானார். அவர் உழைப்பின் பயனான ஆக்கிமிடீசு நூற்றொகுதி, 110 ஆண்டுகளின்பின் 1685 இல் அச்சேறியது. அச்சேறிய நகரம் பலெர்மோ! செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை (1832–1901) நன்கறிந்த நமக்கு, மௌரோலிக்கோவின் பணி எத்தகையது என்பது எளிதில் விளங்கும்.

எனினும், கோளத்தைத் தராசில் தொங்கவிட்ட அந்த நூல் மட்டும் மௌரோலிக்கோவுக்குக் கிட்டவில்லை. அது எரத்தோசுதெனீசுக்கு எழுதப்பட்ட கடிதம். பத்தாம் நூற்றாண்டில் ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட அதன் பிரதியொன்றை, 1229 இல் ஒரு குரு சுரண்டி அழித்து, அத்தோலிலேயே செபப் புத்தகம் எழுதிவிட்டார். தோல் அருமையான காலம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. 1906 இல் தென்மார்க்கு அறிஞர் ஐபேக்கு கொன்சுதாந்தினோப்பிளில் அச்செபப் புத்தகத்தின் வரிகளுக்கடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்துக்களை உருப்பெருக்கியால் வாசித்து, இழந்த நூலை மீட்டார். பின்னர் அப்பிரதி காணாமற் போயிற்று. 1998 இல் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்து, இருபது இலட்சம் டொலருக்கு விலைபோனது. வாங்கியவர் அதனை அமெரிக்காவின் போல்ரிமோர் நகர அருங்காட்சியகம் ஒன்றில் ஆய்வுக்கென ஒப்படைத்தார். தொடர்ந்த பத்தாண்டுகளில் பல்நிற ஒளியாலும் ஊடுகதிராலும் எஞ்சிய எழுத்துக்களையும் வாசித்தனர். 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. சுரண்டிய தோலை வாசிக்கக் கருவி உண்டு. சாம்பலை வாசிக்கக் கருவி இல்லை.

சடத்துவத் திருப்பத்துக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட மாணவிக்கு, அவ்விரும்புக் கோலை முனையிலிருந்து அரை மீற்றர் உள்ளே உள்ள புள்ளியைப் பற்றிச் சுழற்றினால் விடை என்ன என்று ஒரு கணக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன். மறு சனிக்கிழமை 1.75 என்ற விடையுடன் வந்தாள், சரியான விடை. இம்முறை தாயாரும் உள்ளே வந்து பின்வாங்கில் அமர்ந்தார். கோலுக்கும் சுருளிக்கும் ஒரே மூன்றிலொன்று வரக் காரணம் என்ன என்று மகள் அடுத்துக் கேட்டாள். அதனை விளக்கி முடிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் தேவைப்பட்டன.